இறங்கிய எடை மீண்டும் ஏறும்போது

சரக்கில் எடை குறைந்தால் வாடிக்கையாளர் கேட்பார். தராசில் முத்திரை இல்லாவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளர் கேட்பார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் எடையைக் கேட்பார் யாரும் இல்லை. அதைப் பற்றி எழுதலாம் என்று இம்முறை உட்கார்ந்தோம்.

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையை இப்போது நம்மவர்களும் செய்துகொள்கிறார்கள். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். பித்தப்பையில் கல் என்றோ குடலிறக்கம் என்றோ சொல்லிவிட்டுப் போய் வருகிறோம். 2017-இல் நாமும் அப்படித்தான் சொன்னோம். அறுவைக்குப் பின் எடை இறங்கும் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இறங்கிய எடை சில ஆண்டுகளில் மெல்ல ஏறத் தொடங்கினால் என்ன செய்வது என்று பேசுவோர் குறைவு. பேசாததால் கெட்டுப்போனவர்களை நேரில் கண்டிருக்கிறோம். ஆகவே வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறோம்.

முதலில் நமது கணக்கு. உயரம் 5 அடி 6 அங்குலம். அறுவைக்கு முன் எடை 124 கிலோ. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இரவில் மூச்சு முட்டி விழிப்பது எல்லாம் இருந்தன. ‘ஸ்லீவ்’ என்னும் முறையில் அறுவை நடந்தது. இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேலாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். இன்னொரு முறையான ‘பைபாஸ்’ என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை மட்டும் அமைத்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தவிர்த்து இணைப்பார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் 1966-இல் தொடங்கி வைத்த வழி அது. நமக்கு 18 மாதத்தில் 42 கிலோ இறங்கி 82-க்கு வந்தது. சர்க்கரை மாத்திரை நின்றது. மண்டியின் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினோம்.

இளைத்ததும் தெருவில் வேறு பேச்சு கிளம்பியது. “அண்ணாச்சி, சர்க்கரை முத்திப்போச்சா?” என்று சிலர். வியாபாரம் நொடித்துவிட்டது, கவலையில் கரைந்துவிட்டார் என்று சிலர். சரக்கு அனுப்பும் பார்ட்டி ஒருவர், கடனுக்குக் கொடுக்கலாமா என்று பக்கத்துக் கடையில் விசாரித்ததாகவும் கேள்வி. நம் தொழிலில் தொப்பைக்கும் ஒரு நாணயம் இருக்கிறது பாருங்கள்.

2020-இல் ஊரடங்கு வந்தது. மளிகைக்கு அனுமதி உண்டு, நேரம் மட்டும் குறைவு. காலையில் நெரிசல், மதியத்துக்கு மேல் வீட்டில் அடைப்பு. நடைப்பயிற்சி நின்றது. எடை 85 ஆயிற்று, 88 ஆயிற்று. அதற்குப் பின் எவ்வளவு ஆயிற்று என்று தெரியாது. ஏனென்றால் நாம் பார்க்கவில்லை. மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு கடை வாசலிலேயே இருக்கிறது. மின்னணுத் தராசு, ஆண்டுதோறும் முத்திரை போட்டது, ஐம்பது கிராம் வித்தியாசமும் காட்டும். நாளொன்றுக்கு இருபது முறை அதைக் கடந்து போகிறோம். இரண்டு ஆண்டுகள் அதன்மேல் ஏறவில்லை. மருத்துவமனையிலிருந்து மறு பரிசோதனைக்கு அழைத்தபோது, லோடு வந்திருக்கிறது, ஆடிட்டர் வருகிறார் என்று சாக்குச் சொன்னோம். இவ்வளவு செலவு செய்து வயிற்றை அறுத்தும் நாவை அடக்கத் தெரியாதவன் என்று அந்த டாக்டர் நினைப்பாரே என்ற கூச்சம்தான் காரணம்.

அரிசி வியாபாரத்தில் இருந்த நண்பர் ஒருவருக்கும் இதே நிலை. நமக்கு ஓராண்டு முன்னதாகப் பைபாஸ் செய்துகொண்டவர். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. “எந்த முகத்தோடு டாக்டரிடம் போவது?” என்று நம்மிடம் கேட்டார். போகவேயில்லை. எடையோடு சர்க்கரையும் திரும்பி வந்ததை அவர் கவனிக்கவில்லை. 2022-இல் காலில் புண் வந்து, ஆறாமல், ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, கடை ஆட்கள் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துத் தராசில் ஏறினோம். 97.

ஏன் ஏறுகிறது?

நாக்குதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு போனோம். டாக்டர் சொன்னது வேறு. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் உண்டாகிறது. ஸ்லீவ் அறுவையில் அந்தப் பகுதி போய்விடுவதால் முதல் ஓரிரு ஆண்டுகள் பசியே தெரியாது. பிறகு உடம்பு வேறு வழிகளில் பசியை மீட்டுக்கொள்கிறது. எடை இறங்கியவரின் உடம்பு செலவையும் சுருக்கிக்கொள்ளும். வருமானம் குறைந்த வீட்டில் விளக்கை அணைத்து வைப்பது மாதிரி. குழாயாக விட்ட இரைப்பையும் நாளடைவில் கொஞ்சம் விரியும். இன்சுலின், ஸ்டீராய்டு, மனநலத்துக்குத் தரும் சில மருந்துகள் எடையைக் கூட்டலாம். தைராய்டு குறைவும் கூட்டலாம்.

ஸ்வீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி, அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடை இறங்கியது. பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது 120 கிலோ இருந்தவர் 38 கிலோ இறங்கி, பிறகு எட்டுக் கிலோ ஏறி, முப்பது கிலோ லாபத்தில் நிற்கிறார். அறுவை செய்யாதவர்களின் எடை அந்த ஆண்டுகளில் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. அறுவை செய்தவர்களில் இறப்பும் குறைவு என்று 2007-இல் வெளியிட்டார்கள். ஆகவே கொஞ்சம் ஏறுவது என்பது தொழிலில் சேதாரம் போல, எதிர்பார்த்துக் கணக்கில் வைக்க வேண்டிய ஒன்று. மூட்டைக்கு அரைக் கிலோ சேதாரம் என்றால் வியாபாரம் நடக்கும். ஐந்து கிலோ போனால் சாக்கில் எங்கே ஓட்டை என்று பார்க்காமல் இருப்போமா?

ஏழு நாள் சிட்டை

டாக்டர் எண்டாஸ்கோப்பி செய்தார், இரத்தம் எடுத்தார். இரைப்பை சற்று விரிந்திருக்கிறது, மறு அறுவை தேவைப்படும் அளவுக்கு இல்லை என்றார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.4. பி12 வைட்டமின் மிகவும் தாழ்ந்திருந்தது. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் ஆண்டோடு வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தியிருந்தோம். அவை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியவை. கால் மரத்துப்போனது சர்க்கரையால் மட்டும் அல்ல என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நம் பேத்தி வயதுப் பெண். “ஐயா, என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். “ரொம்பக் கொஞ்சம்தான் அம்மா, இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது” என்றோம். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தோம். அவர் சிரிக்காமல், “ஏழு நாளைக்கு வாயில் போடுவது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு வாருங்கள். தண்ணீர்கூட விடாதீர்கள்” என்றார்.

நாற்பது ஆண்டுகளாகச் சிட்டை எழுதுகிறவருக்கு அது பெரிய வேலையா? பழைய நோட்டு ஒன்றில் எழுதினோம். மூன்றாம் நாளே விஷயம் வெளியாயிற்று. சாப்பாடு கொஞ்சம்தான். சாப்பாட்டுக் கணக்கில் வராத பற்றுகள் ஏராளம்.

டீ நாளொன்றுக்கு எட்டு. தரகர் வந்தால் ஒன்று, லாரி டிரைவர் வந்தால் ஒன்று, வசூலுக்குப் போன இடத்தில் ஒன்று. ஒரு டீக்குச் சர்க்கரை இரண்டு ஸ்பூன், அதாவது பத்து கிராம். எட்டு டீக்கு 80 கிராம். மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம்! நம் வாடிக்கையாளர்களில் சிறு குடும்பங்கள் மாதத்துக்கு வாங்கும் சர்க்கரையே அவ்வளவுதான். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு.

அடுத்தது மாதிரி பார்ப்பது. மொத்த வியாபாரி மாதிரி பார்க்காமல் சரக்கு எடுக்க முடியாது. வெல்லம் வந்தால் ஒரு துண்டு, முந்திரி வந்தால் நாலு, பேரீச்சை வந்தால் இரண்டு, வேர்க்கடலையில் ஒரு கை. ஒரு கைப்பிடி முந்திரி, 30 கிராம் என்று வையுங்கள், ஏறக்குறைய 170 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று கணக்கு. நாள்தோறும் ஒரு கைப்பிடி உபரியாகப் போனால் நாற்பத்தைந்து நாளில் ஒரு கிலோ. உடம்பு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு எழுதாது என்று ஆலோசகர் சொன்னார். ஆனாலும் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிகிறது அல்லவா?

மூன்றாவது, நமக்குத் தெரியாமலே நடந்தது. சிறு இரைப்பையில் கெட்டியான உணவு சீக்கிரம் நிறைந்து, அதிக நேரம் நிற்கும். முறுக்கு, மிக்சர், டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம், பாயசம், பழச்சாறு இவையெல்லாம் நிற்பதில்லை, வழுக்கி இறங்கிவிடும். எவ்வளவு போட்டாலும் நிறைந்த உணர்வு வராது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத வயிற்றில் நூறு கிராம் மிக்சர் சிரமமில்லாமல் இறங்கிய இரகசியம் அதுதான். ரசம் ஊற்றிப் பிசைந்த சோறும் அப்படியே. சாப்பாட்டோடு நீர் சேர்ந்தால் உணவு சீக்கிரம் இறங்கி இடம் காலியாகிவிடும். இரவு பத்தரைக்குக் கடை கட்டி வந்து தோசை சாப்பிடுவோம். ஒரே மூச்சில் முடியாது என்று ஒன்றரை தோசை, பிறகு கணக்குப் பார்த்துவிட்டு மீதி ஒன்றரை. தவணை முறையில் தின்றால் இரைப்பை சிறிதாக இருந்து என்ன பயன்?

வழிக்கு வந்தது

இதற்கு முன் நாமாகச் செய்து பார்த்த வைத்தியம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து நாள் வெறும் நீராகாரம் குடித்தால் விரிந்த இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்று ஒருவர் சொல்ல, நம்பிச் செய்தோம். மூன்று கிலோ இறங்கியது. நாலாம் நாள் கல்லாவிலேயே தலை சுற்றி விழப் பார்த்தோம். இரண்டு வாரத்தில் மூன்று கிலோவும் திரும்பிவிட்டது. விரிந்த இரைப்பை பட்டினியால் சுருங்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இப்படிச் செய்வது ஆபத்தும்கூட.

ஆலோசகர் தந்த திட்டம் சாதாரணமானது. முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் இடம் இருந்தால் சோறு. நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். அது இல்லாமல் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் போய்விடும் என்றார். நம் கடைச் சரக்கை வைத்தே கணக்குப் போட்டோம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 8. மதியம் குழம்பு மீன் 100 கிராம், 20. கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், 7. தயிர் 200 கிராம், 7. இரவு பன்னீர் 50 கிராம், 9. அறுபதைத் தாண்டிவிட்டது. சைவ அன்பர்கள் மீல்மேக்கரை மறக்க வேண்டாம். உலர்ந்த நிலையில் அதில் பாதி எடை புரதம். 25 கிராம் எடுத்தால் 12 கிராம் கிடைக்கும், விலையும் மலிவு. பருப்பு மண்டி வைத்துக்கொண்டு புரதப் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் நாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேறு விஷயம்.

தண்ணீர், மோர், ரசம் எதுவும் சாப்பாட்டோடு இல்லை. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். ரசத்தை விடுவதுதான் நமக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது நான்கு மணிக்கு ஒரு டம்ளர் தனியாகக் குடிக்கிறோம்.

டீ மூன்றாகக் குறைந்தது, சர்க்கரை இல்லை. வந்தவருக்கு டீ சொல்லிவிட்டு நாம் குடிக்காமல் இருந்தால் மரியாதைக் குறைவு ஆகுமே என்று தயங்கினோம். நாமும் ஒரு டம்ளர் வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டால் யாரும் கவனிப்பதில்லை. மாதிரி பார்க்கும் வேலை இப்போது மகனுடையது. வெல்லத்தை நிறத்திலும் உடைத்த பதத்திலும் முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம் என்பது இத்தனை நாள் தெரிந்தும் நாவில் போட்டுக்கொண்டிருந்தோம். இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு டிபன் கேரியரில் கடைக்கே வருகிறது. இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது என்பது நமது அபிப்பிராயம். பத்து மணிக்கு மேல் கடை கட்டும் சிறு வணிகர்கள் இதை மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

காலையில் அரை மணி நடை. வாரத்தில் மூன்று நாள், ஐந்து கிலோப் பை ஒன்றைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவதும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும். நூறு கிலோ மூட்டை முதுகில் ஏற்றிய காலம் உண்டு. ஐந்து கிலோவுக்கு முதல் வாரம் தோள் வலித்தது.

பதினான்கு மாதத்தில் 97 என்பது 88 ஆயிற்று. சர்க்கரைச் சராசரி 6.3. பழைய 82-ஐப் பிடிக்க வேண்டும் என்று நமக்கு ஆசை. டாக்டர் வேண்டாம் என்றார். 88-இல் நிறுத்தி வைப்பதே வேலை, அதுவே 124-இலிருந்து 36 கிலோ லாபம் என்றார். அன்று முதல் ஒரு எல்லை வைத்துக்கொண்டோம். சரக்கு இருப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்று வைத்திருப்போமே, அதைப்போல 91-ஐத் தொட்டால் அந்த வாரமே டாக்டரிடம் போவது. இது மருத்துவ நூல் விதி அல்ல, நமக்கு நாம் போட்ட கோடு. ஒரு முறை தொட்டது, 2024 தீபாவளிக்குப் பிறகு. போனோம். யாரும் திட்டவில்லை.

எல்லோருக்கும் இந்த வழி போதும் என்று சொல்வதற்கில்லை. இரைப்பை மிகவும் விரிந்தவர்களுக்கு, ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது போன்ற மறு அறுவை தேவைப்படலாம். வாரம் ஒரு முறை போடும் ஊசிகளும் வந்திருக்கின்றன. டிர்செபடைட், எடைக் குறைப்புக்கான செமாகுளூடைட் இரண்டும் 2025-இல் நம் நாட்டு விற்பனைக்கு வந்தன. அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் டாக்டர்கள் தருகிறார்கள். நிறுத்தினால் எடை திரும்புவது சகஜம், குமட்டலும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மருந்துக்கடை அன்பர்கள் கவனிக்க.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மூட்டு வலிக்கு நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும். மதுவும் இவர்களுக்கு வேகமாக ஏறும். பழைய அளவு என்று நினைத்துக் குடித்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது. ஓயாத வாந்தி, விழுங்க முடியாமை, கறுப்பாக மலம் போதல், கால் மரத்துப்போதல் இருந்தால், எடை ஏறியதோ இறங்கியதோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரிசி வியாபார நண்பர் 2023-இல் நம்மோடு வந்து அதே டாக்டரைப் பார்த்தார். புண் ஆறிவிட்டது, நடையில் சிறு சாய்வு இருக்கிறது. இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஞாயிறு காலை கடை திறக்குமுன் இருவரும் பிளாட்பாரத் தராசில் ஏறுவது வழக்கம். எண்ணை நமது லோடுமேன் சத்தமாகப் படிப்பார், நோட்டில் எழுதிக்கொள்வோம். அந்த ஏழு நாள் சிட்டையும் கிழிக்காமல் இருக்கிறது. அறுவை செய்துகொண்டு வெளியில் சொல்லாமல் இருக்கும் அன்பர்கள் பார்க்க விரும்பினால் மதியம் மூன்று மணிக்கு மேல் மண்டிக்கு வரலாம். பித்தப்பைக் கல் என்றே சொல்லிக்கொண்டு வந்தாலும் சரி.